எந்தக் கை என்று கேட்டது

எந்தக் கை என்று கேட்டால் என்ன சொல்வது, மனுசருக்கு இருப்பதே ரெண்டு கை, அதில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே, இதற்குப் போய் நெஞ்சு இந்த அடி அடிப்பானேன் என்று கனி தன்னைத்தானே வைதுகொண்டாள். டிவியில் ரெண்டு கைப் படம் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றது. அடியில் இங்கிலீஷில் என்னவோ போட்டிருந்தது. அவளுக்கு இங்கிலீஷ் எழுத்து தனித்தனியாகத் தெரியும், சேர்ந்து நின்றால் முன்னேபின்னே தெரியாத வீட்டுக் கூட்டம் மாதிரி இருக்கும், கிட்டே போகமாட்டாள். மதினியின் வீட்டுக்காரர் லிங்கதுரை அண்ணன்தான் வாசித்துச் சொன்னார், எந்தக் கையால மட்டையப் பிடிப்பன்னு கேக்கும்மா, சொல்லு, அமுக்கணும் என்று. கப்பலில் வேலை பார்க்கிறவர் அவர், இந்தத் தடவை லீவுக்கு வரும்போது வாங்கிவந்த விளையாட்டுப் பெட்டி இது. கையில் ஒரு வெள்ளை ரிமோட்டு, சோப்புக்கட்டி கனம்கூட இல்லை, அதைப் பிடித்துக் காற்றில் வீசினால் டிவிக்குள் இருக்கிற பொம்மை மட்டையை வீசும், பந்து பறக்கும். டென்னிஸாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மதினி வீட்டில் பிரியாணி தின்று, ஜன்னலைச் சாத்தி ஏசியைப் போட்டு, எல்லாரும் ஆளுக்கொரு ஆட்டம் ஆடி முடித்தாயிற்று. கனியின் வீட்டுக்காரர் செந்தூர்பாண்டி, துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவர், அக்காவிடம் நாலே நிமிசத்தில் தோற்று சோபாவில் சாய்ந்து கிடந்தார். அந்த அக்கா புஷ்பலதாதான் கனிக்கு மதினி. மதினிதான் ரிமோட்டை நீட்டி, ஏளா கனி, நீ ஒரு ஆட்டம் வா, அடுக்களை வாசலையே பிடிச்சிட்டு நின்னா அது எங்க ஓடியா போயிரும் என்றாள். கல்யாணமாகி ஆறு வருசத்தில் இந்த ஹாலின் நடுவில் கனி நின்றதே இல்லை. சுவரோரமாக வருவாள், டம்ளரை எடுப்பாள், சுவரோரமாகப் போவாள். இப்போது நாலு பக்கமும் காற்று, பிடித்துக்கொள்ள ஒரு கதவுகூட இல்லை, டைல்ஸ் காலடியில் சில்லென்று இருந்தது, டிவி வேறு எந்தக் கை எந்தக் கை என்று கேட்டுக்கொண்டே நின்றது. இந்த இருபத்தஞ்சு வயசுக்குள் ஒருத்தர் அவளிடம் அதைக் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் அந்தக் கையா என்றுதான். அது கேள்வியே இல்லை, அடிக்கு முந்தி வருகிற சத்தம். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது, சோத்தாங்கைதான் அண்ணே, வேற எது.

அவர் அமுக்கினார். பொம்மைக் கனி ஒன்று வலது கையில் மட்டையோடு வந்து நின்றது. தலைக்கு மேலே கே, ஏ, என், ஐ என்று நாலு எழுத்து, இது மட்டும் அவளுக்குக் கூட்டிப் படிக்க வந்தது. முழுப்பேர் சுயம்புக்கனி, அது அந்தக் கட்டத்துக்குள் கொள்ளாதாம். பெட்டிக்குள்ளிருந்து ஒரு வெள்ளைக்காரன் குரல் என்னவோ சொல்ல, பந்து வந்தது. வந்ததா, போய்விட்டதா, கனி கையை வீசும்போது அது பின்னால் எங்கேயோ கிடந்தது. ஃபிஃப்டீன் லவ் என்றான் வெள்ளைக்காரன். கனிக்குக் காது சூடாகிவிட்டது. வீட்டுக்காரரும் அண்ணனும் மதினியும் இருக்கிற இடத்தில் இவன் என்ன லவ்வு கிவ்வு என்கிறான் என்று தலையைக் குனிய, அண்ணன் சிரித்து, லவ்வுன்னா சைபரும்மா, ஒனக்கு முட்டை என்று விளக்கினார். லவ்வுன்னா முட்டையா, அது தெரியாமலா ஊரில் அத்தனை பேர் ஓடிப்போகிறார்கள். அடுத்த பந்து. அதுவும் போயிற்று. முப்பது. அதற்கடுத்து நாற்பது, நாற்பத்தஞ்சு அல்லவா வரணும், அஞ்சு எங்கே போச்சு என்று அவள் எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஆட்டம் முடிந்து மதினியின் பொம்மை துள்ளிக் குதித்தது. வலது கை என்று ஒன்று அவள் தோளில் தொங்குகிறதே, அது அவளுக்குச் சொந்தமில்லை, வாடகைக்கு வந்த கை. சோறு தின்னப் பழக்கியாயிற்று, ஆறு வருசமாக டம்ளர் நீட்ட, தட்டு நீட்ட, குங்குமம் எடுக்க, எல்லாவற்றுக்கும் பழக்கியாயிற்று, ஆனால் அதற்குப் புத்தி எட்டாது. கண் பார்த்த இடத்துக்கு அது ரெண்டு எட்டு பிந்தி வரும். பார்த்ததும் பாய்கிறது மற்றது. பீச்சாங்கை. அந்தப் பேரைக்கூட மனசுக்குள் சொல்லத்தான் முடியும், பிள்ளைக்குக் கால் கழுவிவிடுகிற கைக்கு அதைவிட நல்ல பேர் யார் வைப்பார்கள். இப்போதுகூட பந்து வருகிறபோதெல்லாம் அதுதான் முந்தானைக்குள் துடித்தது, கட்டிப்போட்ட நாய் தெருவில் ஆள் நடமாட்டம் கேட்டால் எழுந்து நிற்குமே, அப்படி.

நாலாப்பில் பென்சிலை அந்தக் கையால் பிடித்து எழுதினதற்கு டீச்சர் ஸ்கேலைத் தட்டையாக அடிக்காமல் விளிம்பால் அடித்தாள், விரல் முட்டியில். வலி பெரிசில்லை, பிறகு வலது கையால் எழுதின எழுத்து எல்லாம் மழையில் நனைந்த கோழி மாதிரி நின்றதுதான் பெரிசு, அதைப் பார்த்து வகுப்பே சிரித்ததுதான் பெரிசு. அஞ்சாப்போடு நின்றதற்கு வீட்டில் ஆயிரம் காரணம் சொன்னார்கள், இந்தக் கையை மட்டும் யாரும் சொல்லவில்லை. பெண்பார்க்க வந்த அன்றைக்கு அம்மா காதோடு சொன்னது ஒரே ஒரு புத்திதான், காப்பித் தட்டைப் பார்த்து நீட்டு, அந்தக் கை முன்னால வந்துச்சுன்னா எந்திச்சுப் போயிருவாவ. வாக்கப்பட்டு வந்த இடத்தில் அடுக்களைக்குள் தனியாக இருக்கிறவரைக்கும் வெங்காயத்தை அந்தக் கையால் அரிவாள், நடைச் சத்தம் கேட்டதும் கத்தி கை மாறிவிடும். ஆறு வருசம் நடைச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். கல்யாணத்துக்கு முந்தி வேலை பார்த்த எறால் கம்பெனி ஒன்றில் மட்டும்தான் அந்தக் கைக்கு மரியாதை இருந்தது. ஐஸ் தண்ணியில் கிடக்கிற எறாலை எடுத்து, தலையைத் திருகி, ஓட்டை உரித்து, குடலை இழுத்துப் போடுகிற வேலை. எல்லாரும் ஒரு பக்கமாக முழங்கையை வீச இவள் மறுபக்கம் வீசி, பக்கத்து அக்காவோடு இடித்து இடித்து, கடைசியில் சூப்பர்வைசர் வைதுவிடுவாள் என்று பயந்து நின்றபோது, அந்த அம்மா மேசையின் கடைசி முனையைக் காட்டி, இனிமே அதான் ஒன் எடம், அங்கன நின்னு வீசு என்றுவிட்டாள். ஒரு வார்த்தை வையவில்லை. மேசை முனையில் மூணு வருசம் நின்றாள். அங்கே அவளுக்கு முந்தி கூடை நிரப்ப ஆளில்லை. அதை இந்த வீட்டில் யாரிடம் சொல்வது, எறால் உரித்தேன் என்றால் எறால் உரித்தாயாக்கும் என்பார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு ஆட்டம் என்றாள் மதினி, இதைச் செயிச்சதா நான் ஊருக்குள்ள சொல்லிக்க முடியாது, ஒரு பந்தாவது அடி, எனக்கும் மரியாதை வேண்டாமா என்று. சரி, இதோடு முடியட்டும் என்று கனி திரும்பினவள்தான், நிவியைப் பார்த்தாள். மகள், அஞ்சு வயசு. சோபா ஓரத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வாய் திறந்து டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கை மடியில் கிடந்தது. இன்னொரு கை தொடைக்கு அடியில். கைமேல் உட்கார்ந்திருந்தாள். இங்கே நோட்டு இல்லை, பென்சில் இல்லை, ஒருத்தரும் சொல்லவில்லை, தானாக உட்கார்ந்திருந்தாள். மதினிதான் சாயங்காலம் சாயங்காலம் எழுதச் சொல்லித்தருவது, ஜூனில் ஒண்ணாங்கிளாஸ் சேர்க்கணுமே, ஒரு பைசா வாங்காமல், பிஸ்கட்டும் பாலும் கொடுத்து. பிள்ளைக்குக் கை மாறி வருகிறது என்று கண்டதும் அடிக்கவில்லை, அதட்டவில்லை, அந்தக் கைமேல உக்காந்துக்கடா தங்கம், அது தூங்கட்டும், இந்தக் கை எழுதட்டும் என்று நயமாகத்தான் பழக்கினாள். நயமாகச் சொன்னதுதான் இப்படி ஆகிவிட்டதோ, அடி என்றால் அடிக்கிற நேரத்தோடு போகும். மூணு மாசமாக நிவி எழுதுகிற ஆவன்னா அம்மாவின் ஆவன்னா, நனைந்த கோழி. முந்தாநாள் தூக்கத்தில்கூட அந்தக் கை முதுகுக்கு அடியில் இருந்தது. அன்றைக்கு மதினி கேட்டாளே, நம்ம வீட்டுல ஒருத்தருக்கும் கெடையாது, இந்தப் பிள்ளைக்கு மட்டும் எங்கருந்துதான் வந்துச்சோ என்று. கனி அப்போது நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள், வலது கையால். தெரியலியே மதினி என்றாள். தெரியலியே. பெற்ற பிள்ளையை, என்னுடையது இல்லை என்று சந்தையில் விட்டுவிட்டு வந்த மாதிரி ஒரு சொல். அது தொண்டையை விட்டுப் போன நாளிலிருந்து ஒவ்வொரு வாய்ச் சோற்றிலும் கல்லாக வருகிறது.

பந்து வந்தது. ரிமோட்டு எப்போது கை மாறியது என்று அவளுக்கே தெரியாது, நடைச் சத்தம் கேட்டதும் கத்தி மாறுகிறதே, அதையே தலைகீழாகச் செய்த மாதிரி. வீசினாள். சரியான நேரத்துக்குத்தான் வீசினாள், தோள் சொன்னது, இடுப்பு சொன்னது, ஆனால் பொம்மை எதிர்ப்பக்கமாக மட்டையைச் சுழற்றி வெறும் காற்றை அடித்தது. மறுபடி வீசினாள், மறுபடியும் அது வேறு பக்கம் போயிற்று. அட சனியனே, நீயும் பயப்படுகிறாயா. அண்ணன் ஆட்டத்தை நிறுத்தினார். கையை மாத்திட்டியாம்மா, அப்படி மாத்தினா அதுக்குத் தெரியாதுல்லா, வலதுன்னு சொல்லியிருக்கு, அது வலதாத்தான் ஆடும், ஒண்ணு பழையபடி பிடி, இல்லைன்னா வெளிய வந்து முதல்லருந்து சொல்லணும் என்றார். மதினி தண்ணீர் குடித்துக்கொண்டே, அவளுக்கு எந்தக் கைன்னே பிடிபடல, சோத்தாங்கையில பிடிளா என்றாள். சும்மா சொன்னதுதான், அதில் ஒன்றும் இல்லை. பழையபடி பிடித்துவிடலாம். பிடித்தால் இன்னும் ரெண்டு நிமிசத்தில் தோற்றுவிட்டு அடுக்களைக்குப் போய் டீ போடலாம், பால் பொங்குகிற நேரம்தான் எல்லாம் சரியாகிவிடும். சொன்னால் என்ன ஆகும். பெண்பார்த்த அன்றைக்கு எழுந்து போகவேண்டியவர்கள் இப்போது எழுந்து போவார்களா, இது அவர்கள் வீடு, எங்கே போவார்கள். வீட்டுக்காரர் என்ன சொல்வார், ஆறு வருசம் மறைச்சியா என்பாரா, ஒரு கையையே மறைத்தவள் வேறு என்னென்ன மறைத்தாளோ என்று நினைப்பாரா. நினைத்தால் நினைக்கட்டும். ஐயோ, நினைக்கக்கூடாது. அம்மா செத்துப்போய் ரெண்டு வருசமாயிற்று, இனி யாருக்காக அந்தத் தட்டை நீட்டிக்கொண்டே நிற்பது. பொம்மைக்குக்கூட முதலிலிருந்து சொன்னால்தான் தெரிகிறது, பொம்மைக்கே அப்படி என்றால் மனுசருக்கு. நிவி இன்னும் கைமேல்தான் உட்கார்ந்திருந்தாள். பிரியாணியின் பட்டை வாசம் கனிக்கு மூக்கில் ஏறியது, யாரோ வேறொருத்தி பேசுகிற மாதிரி கேட்டது.

“மாத்திருங்க அண்ணே. எனக்குப் பீச்சாங்கைதான். பெறந்ததுலருந்தே.”

மதினி டம்ளரை இறக்கவில்லை, வாயருகில் அப்படியே பிடித்திருந்தாள். செந்தூர்பாண்டிதான் படுத்தவாக்கில், இதென்ன புதுசா, கலியாணமான மறுவாரமே எனக்குத் தெரியும், கொசு அடிக்கதெல்லாம் அந்தக் கைதான், ஒருநாள் என் செவுட்டுலயும் விழுந்துச்சு என்றார். அண்ணன் சிரித்துவிட்டார். கனி சோபாப் பக்கம் திரும்பினாள். தெரியுமா. தெரிந்தேதான் இருந்தாரா. அப்போ அந்த நடைச் சத்தமெல்லாம், அந்தக் கத்தி மாற்றினதெல்லாம், யாருக்காக, இவர் அடுக்களைக்கு வரும்போது கனைத்துக்கொண்டே வருவாரே, அது கனைப்புத்தானா, இல்லை, நான் மாத்திக்கொள்ளட்டும் என்று விட்ட நேரமா. சொல்லியிருந்தால் என்னவாம் மனுசன். மதினிதான் சிரிக்கவில்லை. டம்ளரை மெதுவாகக் கீழே வைத்து, அப்போ நிவிக்கு என்று இழுத்தாள். கனி அவளை நேராகப் பார்த்தாள். இவ்வளவு நாளும் மதினியின் கம்மல் வரைக்கும்தான் பார்த்திருக்கிறாள், கண்ணில் ஒரு சின்ன மச்சம் இருப்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

“என்கிட்டருந்துதான் மதினி வந்துச்சு. அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன்.”

அண்ணன் பேச்சை வளர்க்காமல் பெட்டியை முதலிலிருந்து போட்டார், கப்பல்காரருக்கு எப்போது காற்று மாறும் என்று தெரியும் போல. இந்தத் தடவை பொம்மைக் கனி மட்டையை மறுகையில் ஏந்தி வந்தாள், ஏந்தி நின்ற நிலையிலேயே ஒரு தெனாவட்டு இருந்தது. மதினியும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள், இனி அவள் விட்டுக்கொடுத்து ஆடப்போவதில்லை என்பது அந்தச் செருகலிலேயே தெரிந்தது. முதல் பந்தைக் கனி விட்டுவிட்டாள், வேண்டுமென்றில்லை, பார்த்துக்கொண்டே நின்றுவிட்டாள், பந்து இவ்வளவு மெதுவாகவா வருகிறது என்று. ரெண்டாவது வந்தபோது கை தானாகப் போயிற்று. அடித்தேன் என்று தோன்றவில்லை, ரொம்ப நாளாக மூடிக்கிடந்த ஒரு கதவு வெளிப்பக்கம் திறந்த மாதிரி இருந்தது, தோளில் ஒரு வழுக்கல், ரிமோட்டு உள்ளங்கையில் கிர்ரென்று அதிர்ந்தது, பந்து மதினியின் கால்மாட்டில் விழுந்து ஓடியது. பதினஞ்சு பதினஞ்சு. அடுத்ததில் அஞ்சாறு முறை பந்து போய்ப் போய் வந்தது, மதினி உச்சிக்கு அடிக்கக் கனி இறக்கி அடித்தாள், மதினி ஓரத்தில் போடக் கனி அதைவிட ஓரத்தில் போட்டாள், முனைதானே அவள் இடம், மேசை முனையில் மூணு வருசம் நின்றவளுக்கு ஓரத்தைச் சொல்லித்தரவா வேண்டும். முப்பது. மதினி ஒன்று எடுத்தாள். கனி ஒன்று. நாற்பதும் நாற்பதும் ஆனபோது அந்தக் காணாமல்போன அஞ்சைப் பற்றிக்கூட அவளுக்கு நினைவில்லை. கொண்டை அவிழ்ந்து முதுகில் விழுந்தது, அவள் அதை அள்ளி முடிந்துகொள்ளவில்லை. ஏசிக்குள் வியர்த்தது. செந்தூர்பாண்டி சோபாவில் எழுந்து உட்கார்ந்து, ஏ அப்படித்தான், அப்படித்தான் என்று லாரிக்குப் பின்னால் நின்று வழிகாட்டுகிறவன் மாதிரி கையை ஆட்டினார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. பயம் எங்கே என்று ஒரு நொடி உள்ளே தேடிப் பார்த்தாள், பையில் வைத்த சாவியைத் தேடுகிற மாதிரி, கிடைக்கவில்லை. மதினி போட்ட பந்து வலதுபக்கம் வந்தது, கையைக் குறுக்கே கொண்டுபோய்ப் பின்கையால் எடுக்கணும், இதுவரை எடுத்ததில்லை, எடுத்தாள். ஒன்று கூடியது. இன்னும் ஒன்று போதும் என்றார் அண்ணன். மதினி மூச்சு வாங்கிக்கொண்டே, ஏளா, இத்தனை நாளும் இதை எங்கடி வச்சிருந்த என்றாள், அதில் பாதி கோபம், மீதி கோபமில்லை. கனிக்குப் பதில் இருந்தது, அதைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பந்து எழும்பியது. பொம்மையின் தோளுக்கு மேலே, மைதான விளக்குக்குப் பக்கத்தில், வா வா என்று மேலே நின்ற ஒரு இமைநேரம், கனி கால் பெருவிரலில் எழும்பி, தான் மறைத்த ஒவ்வொரு தட்டையும் டம்ளரையும் சேர்த்து ஓங்கி இறக்கினாள். பொம்மைக் கனி துள்ளியது. நிசக் கனியும் துள்ளிவிட்டாள், கொலுசு சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது, வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது, வந்தும் ரொம்ப நேரம் தங்கவில்லை.

நானு, நானு என்று நிவி சோபாவிலிருந்து சறுக்கி இறங்கி ஓடிவந்தாள். மதினி தன் ரிமோட்டைக் கழற்றி, பிள்ளைமுன் குனிந்து, ரிமோட்டில் தொங்கும் வாரை அவள் வலது மணிக்கட்டில் மாட்டினாள். அதில் ஒன்றும் வஞ்சகம் இல்லை, பழகின கை பழகின கையைத் தேடுகிறது. நிவியும் நீட்டிக்கொண்டுதான் நின்றாள். மற்றக் கை கவுனுக்குப் பின்னால் போய்விட்டது. ஒரு ஆட்டம் செயித்ததற்காக யாரும் எதையும் சொல்லிவிட முடியாது, கனிக்கு அது தெரியும், டிவிக்குள் செயித்தது டிவிக்குள்ளேயே கிடக்கும், நாளைக்குத் திங்கக்கிழமை, சாயங்காலம் அஞ்சு மணிக்கு நோட்டு இருக்கும், பென்சில் இருக்கும், மதினியின் பாலும் பிஸ்கட்டும் இருக்கும், நன்றி கெட்டவள் என்று ஒரு வார்த்தை வந்தால் தாங்கணும். தாங்கலாம். அவள் முட்டி போட்டுப் பிள்ளைக்கும் மதினிக்கும் நடுவில் உட்கார்ந்தாள், வாரைக் கழற்றினாள். அதைக் கையில் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

“அவ கைய அவகிட்ட விட்டுருங்க மதினி. நாளையிலருந்து கைமேல உக்கார வேண்டாம். எழுத்து எப்பம் வருதோ, வரட்டும்.”

மதினிக்கு உதடு இறுகியது, கனியையும் பார்க்கவில்லை, பிள்ளையைப் பார்த்தாள். நல்லதுக்குத்தானே செஞ்சேன் என்று முணுமுணுத்தாள். நல்லதுக்குத்தான் மதினி, எனக்குத் தெரியாதா என்றாள் கனி, அதையும் உண்மையாகத்தான் சொன்னாள், ஆனால் வாரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பிறகு மதினி ஒரு பெருமூச்சை விட்டு, செயிச்சுட்டாள்லா, இனி இவ வச்சதுதான் சட்டம் என்று சொல்லி, கவுனுக்குப் பின்னாலிருந்து அந்தக் கையைத் தானே இழுத்து முன்னால் கொண்டுவந்து, வெளிச்சத்தில் ஒருதரம் திருப்பிப் பார்த்தாள், ஏதோ காயம் பட்டிருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. கொண்டா வாரை என்றாள். மாட்டினதும் அவள்தான்.

அண்ணன் இந்தத் தடவை கேட்காமலே இடது கை என்று அமுக்கி, கனியின் ரிமோட்டை எடுத்துப் பந்தைப் போட்டார். நிவி ரெண்டு காலையும் அகட்டி, நாக்கைத் துருத்திக்கொண்டு, பீச்சாங்கையை வானத்துக்கும் பூமிக்குமாக ஒரு வீசு வீசினாள். பந்து எப்போதோ போய்விட்டிருந்தது. வீசின வேகத்தில் பிள்ளை ஒரு சுற்றுச் சுற்றிக் கீழே உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தவள் சட்டென்று அம்மா முகத்தை நிமிர்ந்து பார்த்தாள், தப்பா என்று. கனி அடுக்களைப் பக்கம் போகவில்லை, சோபாவில் மதினிக்குப் பக்கத்தில், நட்டநடுவில், சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

“போனா போட்டும்ளா. எந்திரி, அடுத்ததை அடி.”